கையேட்டில் விடுபட்ட ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். லினக்ஸ் போன்ற கட்டற்ற (யாரும் பயன்படுத்தித் திருத்திக்கொள்ளக்கூடிய) இயங்குதளங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லினக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம், பழைய கணினியிலும் ஓடும் என்பதெல்லாம் சரிதான். நிறுவிய மறுநாள் புதியவர் எதைப் படித்துக் கற்றுக்கொள்வார் என்பதைக் கட்டுரை தொடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் அக்காவின் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவிக் கொடுத்தேன். கூடவே பத்துப் பக்கத்தில் ஒரு கையேடும் எழுதிக் கொடுத்தேன். அக்கா இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. 'டெர்மினலைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள், கேட்டால் பாஸ்வேர்டைத் தட்டுங்கள்' என்று எழுதியிருந்தேன். (டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரம்.) அவர் தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கணினியை அணைத்துவிட்டார். பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருந்தார்கள். 'தட்டும்போது எதுவும் தெரியாது, தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எனக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் அது எழுதத் தோன்றவே இல்லை. (லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகையில் நட்சத்திரக் குறிகள் தெரியும். அதனால் எந்த இயங்குதளத்துக்கு எழுதுகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டெர்மினலில் தட்ட வேண்டிய வரி என்று காட்டக் கட்டளைக்கு முன்னால் நான் போட்டிருந்த டாலர் குறியையும் சேர்த்துத் தட்டினார். டெர்மினலில் வந்த வரியை நகலெடுக்க கன்ட்ரோல்-சி அழுத்தினார். அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடும், நகலெடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இன்னொரு கட்டளை சரியாகத் தட்டியும் பிழை காட்டியது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடித்தது. கையேட்டைத் தட்டச்சு செய்த மென்பொருள், அடுத்தடுத்து வந்த இரண்டு சிறு கோடுகளை அழகுக்காக ஒரே நீளக் கோடாக மாற்றியிருந்தது. அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கணினிக்குத்தான் புரியவில்லை. நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறினாலும் இதே கதிதான். கையேடு எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது.

கட்டற்ற உலகில் கையேடுகளுக்குப் பஞ்சமில்லை. லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரிலேயே வந்துவிட்டது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. பெயர், சுருக்கம், விவரம் என்று போகும் அந்த அமைப்பைத்தான் இன்று டெர்மினலிலேயே திறந்து படிக்கும் 'மேன்' (மேனுவல்) பக்கங்களும் பின்பற்றுகின்றன. யூனிக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் குழுவினர் கையேட்டில் உள்ள தவறை நிரலில் உள்ள தவறு போலவே எடுத்துத் திருத்துகிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 'மேன்' பக்கம் தெரிந்தவர் மறந்துபோனதைத் தேடிப் பார்ப்பதற்கானது. முதல் நாள் வந்தவர் அதைத் திறந்தால், வெளியே வர 'க்யூ' அழுத்த வேண்டும் என்பதே தெரியாமல் திகைத்து நிற்கிறார். 'கையேட்டைப் படி' என்று அவரைத் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆபத்தான கட்டளைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பென் டிரைவில் இயங்குதளத்தை எழுத 'டிடி' கட்டளையைச் சொல்லித் தருகிறோம். அதில் எந்த டிரைவில் எழுத வேண்டும் என்பதை அதன் பெயரால் சொல்ல வேண்டும். பென் டிரைவின் பெயரான எஸ்டிபி என்று கொடுக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று கொடுத்துவிட்டால், பல கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அது எதையும் கேட்காது, உடனே எழுத ஆரம்பித்துவிடும். எச்சரிக்கையைக் கட்டளைக்குக் கீழே அச்சிடும் பழக்கம் இருக்கிறது. புதியவர் வரிவரியாகச் செய்துகொண்டே வருகிறவர், எச்சரிக்கையைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், தொடக்கக் கையேட்டில் 'டிடி' வரவே வேண்டாம். அதே வேலையைச் செய்ய, எந்த டிரைவ் என்று பெயரோடும் அளவோடும் காட்டிக் கேட்கும் செயலிகள் இருக்கின்றன.

கையேட்டுக்கு ஆயுளும் உண்டு. உபுண்டு 2011இல் யூனிட்டி என்ற புதிய முகப்புக்கு மாறியது, 2017இல் மறுபடியும் க்னோம் என்ற முகப்புக்கே வந்தது. இரண்டு முறையும் பழைய கையேடுகளில் இருந்த கணினித் திரையின் படங்கள் பயனற்றுப் போயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 வருஷம். எழுதும் உழைப்பு வீணாகாமல் இருக்க எல்டிஎஸ் பதிப்புக்கே எழுதலாம். எந்தப் பதிப்பு, எந்த மாதம் சரிபார்த்தது என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். மற்றவர்கள் திருத்தி வெளியிட அனுமதிக்கும் உரிமமும் வேண்டும். மென்பொருளைத் திருத்தலாம், அதன் கையேட்டைத் திருத்தக் கூடாது என்பது எப்படிப் பொருந்தும்?

உங்கள் இதழில் புதியவர்களுக்கான லினக்ஸ் தொடர் ஒன்றைத் தொடங்க வேண்டுகிறேன். ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்குப் போகும் முன், லினக்ஸைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது. செய்து பார்ப்பவரின் கை எங்கே நிற்கிறதோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். என் பத்துப் பக்கக் கையேட்டை அப்படித்தான் திருத்தினேன். இப்போது பதினேழு பக்கம். தொடருக்குப் பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்