மெல்வில் வந்ததும் எழுந்துவிடு

அன்புள்ள மலர்,

டொரண்டோவிலிருந்து இங்கே சமவெளிக்கு விமானத்தில் வராமல் ரயிலில் வரப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய ரயில் பைத்தியக் கூட்டாளிகள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். வடையும் காபியும் உள்ளே போனதும் வழக்கமான கச்சேரி ஆரம்பம். மேடு பள்ளமே இல்லாத இந்த ஊரில் நாய் ஓடிப்போனால் மூன்று நாளைக்கு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார்களே, அதை இவர்கள் ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவர் தூரத்தில் எஞ்சின் விளக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்தாராம். ரயில் இன்னும் வந்துகொண்டேதான் இருந்ததாம்.

வின்னிபெக் தாண்டினால் பார்க்க ஒன்றுமில்லை, நாலு படம் இறக்கி வைத்துக்கொள் என்று உன் தோழி சொன்னாளாமே. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்படிக் கேலி பேசுகிற அப்பாவின் கூட்டாளிகள் மைனஸ் முப்பதிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோரம் நிற்கிறவர்கள். அவர்கள் சொல்லலாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கியவள் சொல்லக்கூடாது.

வின்னிபெக்கில் ராத்திரி கிளம்பும் வண்டி, நேரத்துக்கு வந்தால், காலையில் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குள் இருக்கும். மெல்வில் வந்ததும் எழுந்துவிடு. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸ் பெயரில் உண்டான ஊர் அது. அவர் 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்துபோனார். இந்தப் பாதை போட்ட அவருடைய கம்பெனி வழியெல்லாம் ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போனது. ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என்று வரும். கடைசியில் வாட்ரஸ், எக்ஸுக்கு ஸீனா, யங், இஸட்டுக்கு ஸெல்மா. "எஃப்பில் கண்ணை மூடினேன், இஸட்டில் முழித்தேன், வெளியே ஒன்றும் மாறவில்லை" என்பது அப்பாவின் ஜோக். எத்தனை முறை கேட்டாலும் நான் சிரித்தாக வேண்டும்.

மாறாமல் இல்லை. ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் எலிவேட்டர் தலை காட்டும். உயரமான மரக் கட்டடம், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். குதிரை வண்டியில் கோதுமை கொண்டுவரும் விவசாயி இறக்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்பதால்தான் ஊர்களை அவ்வளவு நெருக்கமாக வைத்தார்கள். இப்போது பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பு.

தண்டவாளம் சிஎன் என்ற சரக்கு ரயில் கம்பெனியுடையது. அதனால் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு உன் வண்டி பக்கத்து லைனில் சும்மா நிற்கும். எரிச்சல்படாதே, அதுதான் நல்ல நேரம். மேலே கண்ணாடிக் கூண்டு வைத்த டோம் பெட்டிக்கு ஏறிப் போ. 1950-களில் செய்த பெட்டி, என்னைவிட மூத்தது. அங்கிருந்து பார்த்தால் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குச் சரக்கு வண்டி போவது தெரியும். கோதுமை, பொட்டாஷ் உரம், கண்டெய்னர், நடுவே ஆளில்லாமல் இன்னொரு எஞ்சின். கடுங்குளிரில் இவ்வளவு நீளம் ஓட்டமாட்டார்கள், பிரேக் காற்றழுத்தம் வால் வரைக்கும் சரியாகப் போய்ச் சேராது.

அப்புறம், அப்பாவிடம் மட்டும் இது வெறும் தட்டை பூமி என்று சொல்லிவிடாதே. உடனே ஆல்பர்ட்டாவில் இருக்கிற லெத்பிரிட்ஜ் ரயில் பாலத்தை எடுத்துவிடுவார். 1909-இல் கட்டியது, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 96 மீட்டர் உயரம், தட்டை பூமியில் இது எதற்கு என்று கேட்பார். ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டத்தான் என்று உனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் அரை மணி நேரம் விளக்குவார்.

ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் ஏசி குளிரும். இங்கே ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, டாக்சி தேடாதே, அப்பா வருவார். வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் கவலையில்லையாம். சமையலறை ஜன்னலில் எஞ்சின் விளக்கு தெரிந்த பிறகு குளித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா