முதலில் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிச் செஸ் மன்றங்களிலிருந்து உயர்ந்த வீரர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த பட்டியலைப் படித்தேன். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவரும் சென்னை வேலம்மாள் பள்ளி மாணவர்கள் என்று போட்டிருந்தீர்கள். பெருமைப்பட வேண்டிய உண்மைதான். உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் பொதுப் பிரிவில் எட்டுப் பேர், பெண்கள் பிரிவில் எட்டுப் பேர் ஆடினார்கள். அந்தப் பதினாறு பேரில் மூன்று பேர் ஒரே பள்ளிக்காரர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நாடுகள் அணியாக மோதும் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இந்தியா இரண்டு பிரிவிலும் தங்கம் வாங்கியபோதும் இந்த மூவரும் அணிகளில் இருந்தார்கள்.

என் குறை அந்தப் பட்டியல் பெயர், பட்டம், பள்ளி என்ற மூன்றோடு நின்றுவிட்டதில்தான். அதைப் படிக்கும் பெற்றோருக்கு என்ன தோன்றும்? இந்தப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடும் என்றுதான் தோன்றும். கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருந்து, செஸ் மன்றத்தையும் பல காலம் பார்த்துக்கொண்டவள் நான். அந்தப் பள்ளியிலா சேர்க்கலாம், இந்தப் பள்ளியிலா சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்த பெற்றோர் நிறையப் பேர். அவர்களுக்குத் தெரிய வேண்டியது இந்தப் பட்டியல்களில் வருவதே இல்லை.

குகேஷ் கதையையே எடுத்துக்கொள்வோம். ஏழு வயதில், 2013-ல், அவர் காய் நகர்த்தக் கற்றது பள்ளியில்தான். பள்ளி விட்டபிறகு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு. அங்கே பயிற்சியாளராக இருந்த பாஸ்கர்தான் அவருடைய முதல் ஆசான். அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வேயின் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். ஆனந்த் பட்டத்தை இழந்த அந்தப் போட்டியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து குகேஷ் பார்த்திருக்கிறார். இதுவரைக்கும் பள்ளிக்கு முழு உரிமை உண்டு.

அதற்கப்புறம்? நான்காம் வகுப்போடு அவர் வழக்கம்போல் பள்ளிக்குப் போவது நின்றுவிட்டது. 2017-லிருந்து கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயிற்சி. நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொடவிடாமல், தானே யோசித்துக் கணக்கிடும்படி அவரைப் பழக்கினார் விஷ்ணு. காது மூக்கு தொண்டை மருத்துவரான தந்தை தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். தாயின் சம்பளத்தில் வீடு நடந்தது. 2019 ஜனவரியில் டெல்லியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர். பிறகு ஆனந்தின் வழிகாட்டல். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், அப்போதைய சாம்பியனான சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்த அந்தப் பதினான்காவது ஆட்டத்தில் 18 வயதில் உலக சாம்பியன். இதில் பள்ளி செய்தது இரண்டு காரியம். கதவைத் திறந்துவிட்டது, பிறகு பையனைப் பிடித்துவைக்காமல் போகவிட்டது. இரண்டுமே பெரிய காரியம் என்று நினைக்கிறேன், முக்கியமாக இரண்டாவது. அதைச் சொல்லாமல் 'எங்கள் மாணவர்' என்று மட்டும் சொன்னால் பள்ளி செய்த நல்லதே மறைந்துபோகிறது.

வைஷாலி, பிரக்ஞானந்தா கதை வேறு. சின்ன வயதில் வைஷாலி ஓயாமல் டிவி பார்க்கிறாளே என்றுதான் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் உட்கார்ந்துவிட்டான். அவர்களுடைய ஆரம்பப் பாடம் புளூம் செஸ் அகாடமியில், பயிற்சியாளர் தியாகராஜனிடம். அப்புறம் ஆர்.பி.ரமேஷ். அவர் 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன், கிராண்ட்மாஸ்டர், சென்னையில் செஸ் குருகுலம் தொடங்கியவர். ஆக, இவர்கள் இருவரையும் பள்ளி மன்றம் 'உருவாக்கியது' என்று எழுதினால் தியாகராஜனுக்கும் ரமேஷுக்கும் அநியாயம். இவர்கள் விஷயத்தில் பள்ளியின் பங்கு விடுப்பும் ஆதரவும்.

அந்த விடுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங், அதாவது வீரரின் பலத்தைக் காட்டும் புள்ளி, வேண்டும், கூடவே போட்டிகளில் பெறும் தகுதியான நார்ம் மூன்று வேண்டும். ஒரு நார்ம் என்றால் குறைந்தது ஒன்பது சுற்று, எதிரில் வெளிநாட்டு வீரர்களும் பட்டம் பெற்றவர்களும் இருக்க வேண்டும், ஆட்டத்தின் தரம் 2600 புள்ளி அளவில் இருக்க வேண்டும். அதனால்தான் நம் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பிரக்ஞானந்தா கடைசி நார்மை முடித்தது இத்தாலியில், 2018 ஜூனில். ஒரு போட்டிக்குப் போய்வரவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். இப்படி வருடத்தில் பல முறை போகும் பிள்ளைக்கு 75 சதவீத வருகைப் பதிவு எங்கிருந்து வரும்? தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போனவர்களுக்கு வருகையில் தளர்வும், பொதுத்தேர்வுக்கு மாற்றுத் தேதியும் தர சிபிஎஸ்இ விதியில் இடம் இருக்கிறது. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப ஒரு தலைமையாசிரியர் வேண்டும். விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும்.

2022 மே மாதம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியின் அரையிறுதியில் நெதர்லாந்து கிராண்ட்மாஸ்டர் அனிஷ் கிரியை பிரக்ஞானந்தா வென்றபோது இங்கே இரவு இரண்டு மணி. காலையில் 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்புத் தேர்வு என்றார். மற்றவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே ரசித்தார்கள். எனக்கோ அந்தப் பதினாறு வயதுப் பையன் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பான் என்ற கவலைதான். இறுதிப் போட்டியில் எதிரில் உட்காரப்போகிறவர் டிங் லிரென்.

ஆனந்தையும் இந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கலாம். எழும்பூர் டான் பாஸ்கோ பள்ளி மாணவர் அவர். ஆனால் ஆட்டத்தைச் சொல்லித்தந்தது தாய் சுசீலா. வளர்த்துவிட்டது சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன், 1961-லேயே கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த பட்டமான சர்வதேச மாஸ்டரை இந்தியாவில் முதலில் பெற்றவர். இன்றைக்குச் செஸ் விளையாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆரோன் பெயர் தெரியும்? நான் கேட்டுப் பார்த்தவரை மிகக் குறைவு. அந்தக் கிளப்பில் வயது, பள்ளி எதையும் பாராமல் பெரியவர்களோடு சிறுவர்கள் உட்கார்ந்து ஆடினார்கள். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக ஆனந்த் அங்கிருந்து வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் மனத்தில் அதிகம் கிடப்பது இதுதான். பள்ளி மன்றத்தில் ஆடும் நூறு பிள்ளைகளில் ஒருவர்கூடக் கிராண்ட்மாஸ்டர் ஆகாமல் போகலாம். குறுவட்டம் தாண்டி மாவட்டம், மாவட்டம் தாண்டி மாநிலம் என்று போய் அங்கே நான்காவது சுற்றில் தோற்றுத் திரும்பும் பிள்ளைகளே அதிகம். என்னிடம் ஆடியவர்களில் ஒருத்தி இன்று நடுவராகப் போட்டிகளில் நிற்கிறாள். ஒருவர் தான் வேலை பார்க்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார். மற்றவர்கள் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள், அதிலும் எனக்கு வருத்தமில்லை. பத்து வயதில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, தோற்றால் கை கொடுத்துவிட்டு எழுந்திருக்கப் பழகியிருக்கிறார்களே. இவர்களும் அந்த மன்றத்தின் முன்னாள் வீரர்கள்தானே? குகேஷுக்கு ஏழு வயதில் எதிரில் உட்கார்ந்து ஆடிய பிள்ளைகள் யார்? அவர்கள் இல்லாமல் அந்த வகுப்பு நடந்திருக்காது.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்குப் போட்டிகள் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பலகையும் காயும் இல்லாமல் இருந்த பள்ளிகளுக்குக்கூட அந்தச் சமயத்தில் கிடைத்தன. அதில் எத்தனை இன்று பீரோவில் பூட்டிக்கிடக்கின்றன, எத்தனை பள்ளிகளில் யாராவது ஒரு ஆசிரியர் அதை வெளியே எடுத்து வைக்கிறார் என்று விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும். பெரிய தனியார் பள்ளி கட்டணத்தில் சலுகை தரலாம், பயிற்சியாளரை வேலைக்கு வைக்கலாம். சாதாரணப் பள்ளியிலோ எல்லாம் ஒரே ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் மன்றமும் போய்விடும். நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் மன்றத்துக்கும் கொஞ்ச காலம் அந்த நிலை வந்தது. இப்போது இளம் அறிவியல் ஆசிரியர் ஒருவர் எடுத்து நடத்துகிறார்.

அதனால் தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இனி இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சில வரி சேருங்கள். எந்த வயதில் அந்தப் பள்ளியில் சேர்ந்தார், அதற்கு முன்பே ஆடத் தெரியுமா, முதலில் கற்றுக்கொடுத்தவர் யார், பள்ளி அவருக்காக என்ன விட்டுக்கொடுத்தது. பட்டம் வாங்காத முன்னாள் வீரர்கள் சிலரையும் தேடிப் பேசுங்கள். பள்ளிகளும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து வருடாவருடம் ஆடியவர்கள் பெயரை எழுதிவைத்தால் தங்கள் நிருபர்களுக்கு வேலை சுலபமாகும். எங்கள் பள்ளியில் அப்படிப் பழைய நோட்டுகள் இருக்கின்றன, ஆட்டங்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டுகளும் இருக்கின்றன. தங்கள் நிருபர் யாராவது வந்தால் எடுத்துக்காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.