பெட்டியில் அச்சடித்த வாட்டும் காதில் விழும் சத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தீபாவளிச் சிறப்பிதழில் வீட்டு ஸ்பீக்கர்கள் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. திருச்சி உறையூரில் முப்பது வருடங்களாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பாக்ஸ் சர்வீஸ் செய்து பிழைப்பவன் என்பதால் ஆசையோடு பிரித்தேன். படித்து முடித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எந்த செட்டையும் யாரும் உட்கார்ந்து கேட்டதாகக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெட்டி மேல் கம்பெனிக்காரர் அச்சடித்த எண்கள் அப்படியே உங்கள் பக்கத்துக்கு வந்திருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம். போனஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று உங்கள் பத்திரிகையைப் பார்த்து முடிவு செய்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் தன் ஹோம் தியேட்டர் செட்டை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். முகப்பில் தங்க நிற எழுத்தில் ‘4000 வாட் பிஎம்பிஓ’, அதாவது கண நேரத்துக்கு மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி. பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றினால், உள்ளே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று (நடு வயருக்கு இரு பக்கமும் 12 வோல்ட், மொத்தம் 24), 2 ஆம்பியர். 24 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்கினால் 48 வாட். அந்தச் செட் தொடர்ந்து எடுக்கக்கூடிய மொத்த சக்தியே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். சத்தத்தைப் பெருக்கும் டிடிஏ 2030 ஐசி மூன்று, சூட்டை வெளியேற்றும் தீப்பெட்டி அளவு ஹீட் சிங்க்கில் திருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் நல்ல சப்ளை கிடைத்தால் பதினான்கு வாட் கொடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பக்கவாட்டு பாக்ஸில் ட்வீட்டர் (கீச்சென்ற மேல் ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிப் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் குமிழ். பின்னால் வயரே போகவில்லை. அவரிடம் காட்டினேன். “அண்ணே, இது இருக்குன்னுதானே ஐந்நூறு ரூபா சேர்த்துக் கொடுத்தேன்” என்றார். நான் என்ன பதில் சொல்வது?

பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கண் இமைக்கும் நேரத்துக்கு ஐசி எவ்வளவு தாங்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, அதை எத்தனை சேனலோ அத்தனையால் பெருக்கி, மனசுக்குப் பிடித்த எண்ணை எழுதிக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. 1974இல் அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு வாட் சொன்னால், தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்ல வேண்டும், ஒலி எத்தனை சதவீதம் சிதையும்போது அளந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அப்படித் தொடர்ந்து கொடுக்கும் சக்தியைத்தான் ஆர்எம்எஸ் வாட் என்கிறோம். நம் ஊர்க் கடைகளில் ‘ஆர்எம்எஸ் எவ்வளவு?’ என்று கேட்டால் விற்பனைப் பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.

இன்னொன்றையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 87 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள சாதாரண பாக்ஸ், ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கொடுத்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது தாராளமான சத்தம். பாட்டு கேட்கும்போது நம் வீடுகளில் பெரும்பாலான நேரம் ஓடுவது ஒன்றிரண்டு வாட்தான். மிருதங்கத்தில் ஒரு அடி ஓங்கி விழும்போது சிதையாமல் இருக்கத்தான் மிச்ச வாட்.

விலை குறைந்த செட்டை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மார்கழி வந்தால் வீட்டில் கச்சேரி ஓயாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அம்மாவுக்கென்று பெரிய பெயர் போன கம்பெனியின் சவுண்ட் பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்), வூஃபர் (கனத்த கீழ் ஓசைக்கான பெட்டி) செட் வாங்கி அனுப்பினார். விலை லட்சத்தைத் தொடும். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். “தம்பி, பாட்டு பளிச்சுன்னு இருக்கு. ஆனா தம்பூரா இருக்கிற இடம் தெரியலை. தொப்பியில கும்கி விழுறதும் கேக்கலை. ரிப்பேரா பாருப்பா” என்றார்கள். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம், கும்கி அதில் எழும் கனத்த வளைந்த நாதம். செட்டில் ரிப்பேர் எதுவும் இல்லை. அதன் சுபாவமே அதுதான்.

அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது 1 கட்டை சுருதியில் பாடும் வித்வானை. அவருடைய ஆதார சட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு. தம்பூராவின் மந்தர சட்ஜம், அதாவது கீழ் ‘ஸ’, அதில் பாதி, 65. சவுண்ட் பாருக்குள் இருப்பதோ இரண்டரை அங்குலக் கோன்கள், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்புகள். அந்தக் கீழ் அதிர்வுகளுக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள அவற்றால் முடியாது. எனவே கீழே இருப்பதையெல்லாம் மூலையில் இருக்கும் வூஃபரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்த வூஃபரோ சினிமா வெடிச்சத்தத்துக்காகப் பழக்கப்பட்டது, ஒரே இடத்தில் ‘தொம் தொம்’ என்று முழங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். தொப்பியின் நாதமும் ஆண் குரலின் கனமும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து போகின்றன. தம்பூராவின் மேல் நாதங்கள் கேட்கும், அதைத் தாங்கும் அடித்தளம் கேட்காது.

என் பட்டறையில் கிடந்த பழைய எட்டு அங்குல பேப்பர் கோன் பாக்ஸ் ஜோடியையும், நான் அசெம்பிள் செய்த முப்பது வாட் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுபோய் வைத்தேன். அதே ஆலாபனை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள், கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. இதை என் சரக்கை விற்க எழுதவில்லை. அந்த பாக்ஸுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

கடையில் டெமோ போடும்போது இது ஏன் தெரிவதில்லை? கடைக்காரர் போடுவது அவர் தேர்ந்தெடுத்த பாட்டு, ஹெலிகாப்டர், கண்ணாடி உடையும் சத்தம். இரண்டு செட்டில் எது ஒரு பொடி சத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் ‘க்ளியராக இருக்கு’ என்று காது சொல்லும். எனக்கும் அப்படித்தான், அனுபவம் காப்பாற்றாது. 1994இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஸ்பீக்கர் கம்பெனி ஊழியர்களையே உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது கொடுத்த மதிப்பெண் ஒன்று, திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்தது வேறு. பெரிதாக, அழகாக இருந்தவை திரை போட்டதும் இறங்கிவிட்டன. ஆயிரக்கணக்கில் கேபிளுக்குக் கொட்டுகிற ஆடியோ பிரியர்களும் இந்தச் சோதனையை நினைவில் வைக்க வேண்டும். கம்பெனி விளம்பரத்தைச் சந்தேகிக்கிற அதே மனசு, நண்பர் புகழும் தங்க முலாம் பிளக்கையும் சந்தேகிக்க வேண்டும்.

விளம்பரம் கொடுக்கிறவர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை 1970இல் போஸ் 901 ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்து எழுதியது. ஒன்பது கோன், அதில் எட்டு சுவரைப் பார்த்து இருக்கும். வயலின் பத்தடி அகலமாகத் தெரிகிறது, வாத்தியங்களின் ஓசை அறைக்குள் அலைகிறது என்று எழுதினார்கள். போஸ் கம்பெனி பத்திரிகை மேல் வழக்குப் போட்டது. அலைவது அறைக்குள்ளா, சுவரோரமாகவா என்பதுகூட கோர்ட்டில் வாதமானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1984இல் பத்திரிகை பக்கம் தீர்ப்பானது. அந்த ஸ்பீக்கரை விரும்பி வாங்கியவர்களும் நிறையவே உண்டு, அது பல வருடம் விற்றது. கேட்டவர் காதில் விழுந்ததை எழுத உரிமை உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த முறை ஸ்பீக்கர் கட்டுரை போடும்போது ஆர்எம்எஸ் வாட்டை, அது எத்தனை ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில், எத்தனை சதவீதச் சிதைவில் என்று கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று சொன்னால், எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கேளுங்கள். அது இல்லாத வரிக்கு அர்த்தமே கிடையாது. பதில் வராவிட்டால் ‘பதில் தரவில்லை’ என்றே அச்சடியுங்கள். கடைக்குப் போகிறவர்கள் தனக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போனில் எடுத்துப் போகட்டும், இரண்டு செட்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லட்டும், துணைக்கு வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கேட்கட்டும்.

அளந்து பார்க்க வசதி இல்லை என்று நினைத்தால், என் பட்டறையில் ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டி அளக்கும் 8 ஓம் டம்மி லோடும், மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஆஸிலோஸ்கோப்பும் இருக்கின்றன. உங்கள் நிருபரை செட்டுகளோடு அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறைதான், நாள் முழுக்க உட்கார்ந்து அளந்து தருகிறேன். காது வைத்துக் கேட்க அந்த ஆசிரியை அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்,
உறையூர், திருச்சி.