விதிப்படி செய்தது என்று விற்ற ரோபோ பம்பரில் மரத்தூள் பலகை: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
மாணவர் ரோபோ குழுவின் பொறுப்பாளர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 05-02-2024

ஐயா,

வடுவூர், நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்துப் பிள்ளைகள் 14 பேர் சேர்ந்து, பள்ளி மாணவர்களுக்கான எஃப்.ஆர்.சி. என்ற பன்னாட்டு ரோபோ போட்டிக்கு ரோபோ செய்கிறார்கள். இந்த ஆண்டுக்கான ஆட்டமும் விதிகளும் ஜனவரி 6 அன்று வெளியாயின. மார்ச்சில் போட்டி. ரோபோவைச் சுற்றி மாட்டும் மோதல்தாங்கிதான் பம்பர்: உள்ளே பலகை, அதன் முன்னால் நுரைக் குழல், மேலே துணி. நாள் குறைவு என்பதால் அதை மட்டும் வெளியில் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, ஜனவரி 10 அன்று உங்களிடம் 'விதிகளுக்கு உட்பட்ட முழு பம்பர் செட்' ஒன்றுக்கு ரூ.18,400 கட்டினேன். சம்பா அறுவடை முடியாத நேரம் அது. நெல்லுக்குப் பணம் வருமுன்னே கைமாற்று வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் உண்டு.

பார்சல் 23ஆம் தேதி வந்தது. துணியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பும் நீலமும் நன்றாக இருந்தன, வெள்ளை எண்கள் நேராகத் தைக்கப்பட்டிருந்தன. குறையெல்லாம் துணிக்கு உள்ளேதான்.

27ஆம் தேதி ரோபோவில் பம்பரை மாட்டி, ஷெட்டின் சுவரில் மெதுவாக மோதவிட்டுப் பார்த்தோம். ஆள் நடக்கும் வேகம்தான். அப்போது ரோபோவின் எடை சுமார் 40 கிலோ. இரண்டாவது மோதலிலேயே இடது மூலை தொங்கிவிட்டது. கழற்றித் துணியைப் பிரித்தோம். ஆணி பிடித்திருந்த இடம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்து, தரையில் ஒரு கைப்பிடி மரத்தூள் கிடந்தது. பிளைவுட் என்றால் வெட்டிய விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். இதில் ஒரு அடுக்குகூட இல்லை. மேலே மெல்லிய மரத்தாள் ஒட்டியிருக்கிறது, உள்ளே முழுக்கப் பசை போட்டு அமுக்கிய தூள். எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா தச்சர். கையில் எடுத்ததுமே, "ஆறு நூல் பலகைன்னு சொல்லி இதையா சார் குடுத்தாங்க? பனியில ரெண்டு நாள் கிடந்தா இதுவே ஊதிடுமே" என்றார். ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். அப்படியே ஆனது. ஜன்னல் ஓரம் வைத்திருந்த துண்டு, தை மாதப் பனியில் ஓரமெல்லாம் உப்பிப்போய்விட்டது.

2024 விதிப் புத்தகம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. பம்பரின் பின்பலகை முக்கால் அங்குலக் கனம், ஐந்து அங்குல உயரம் உள்ள பிளைவுட், ஓ.எஸ்.பி. (மரச் சீவல்களைப் பசையிட்டு அமுக்கிய பலகை) அல்லது முழு மரமாக இருக்க வேண்டும். உயரத்தில் அரை அங்குலம் கூடக்குறைய இருக்கலாம். பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, தாங்காது, அது விதிக்கு ஒத்ததல்ல என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பம்பரும் பேட்டரியும் சேர்க்காமலே ஒரு ரோபோ 125 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 57 கிலோ வரை இருக்கலாம். அப்படி இரண்டு ரோபோக்கள் எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொள்ள நேரும் ஆட்டம் இது.

நுரைக் குழலும் சரியில்லை. பலகையின் முன்னால் சுமார் இரண்டரை அங்குலக் குழல்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். அப்போதுதான் ஐந்து அங்குலப் பலகை முழுதும் மறையும். நீங்கள் அனுப்பியது இரண்டு அங்குலக் குழல். மேலே அரை அங்குலம், கீழே அரை அங்குலம் பலகை விளிம்புக்கு முன்னால் நுரையே இல்லை. துணியின் மேல் விரலை ஓட்டினாலே அந்த விளிம்பு தட்டுப்படுகிறது.

29ஆம் தேதி உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர், "துணி போட்டு மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கு சார் தெரியப்போகுது" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. போட்டி இடத்தில் பரிசோதகர்கள் பம்பரைப் பார்த்து ஒப்புதல் தராமல் ரோபோ களத்தில் இறங்க முடியாது. பலகை என்ன மரம் என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அவளைப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா?

மாற்றுப் பலகை எங்களுக்கு வேண்டாம். தஞ்சாவூரில் பிளைவுட் வாங்கி, அந்தத் தச்சரே கூலி வாங்காமல் அறுத்துக் கொடுத்துவிட்டார். உங்கள் துணியைப் பயன்படுத்திக்கொள்கிறோம், அதற்கான விலையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாருங்கள். இதே செட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். அவர்களில் யாராவது துணியைப் பிரித்தே பார்க்காமல் போட்டிக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. பலகையையும் குழலையும் மாற்றும்வரை 'விதிகளுக்கு உட்பட்டது' என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ரசீது, படங்கள், மோதலின் வீடியோ ஆகியவற்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். உடைந்த மூலையும் உதிர்ந்த தூளும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
குழுப் பொறுப்பாளர்