தொடரின் முதல் பாகம் எங்கே?

ஆசிரியருக்கு,

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது ஆங்கில மர்ம நாவல்கள் மேசை மேசையாகக் குவிகின்றன. அவற்றில் பல ஏதோவொரு தொடரின் நாலாம், ஐந்தாம் பாகங்கள். அட்டையை நம்பி வாங்குபவர், யார் யாருக்கு என்ன உறவென்று பிடிபடாமல் பாதியில் மூடிவைக்கிறார். நல்ல எழுத்தாளர் ஒருவர் அத்தோடு கைநழுவிப் போகிறார். புதிய பெயர்களைத் தேடுவோர் முதற்பாகத்தின் தலைப்பை எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது.

பெயர்களுக்கு விருதுப் பட்டியல்கள் போதும். பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் 1999 முதல் வரலாற்று மர்ம நாவலுக்கென்றே விருது வழங்கி வருகிறது. 2017இல் அபீர் முகர்ஜியும் 2021இல் வசீம் கானும் அதை வென்றது தத்தம் தொடரின் முதற்பாகத்துக்கு. முன்னவரின் களம் 1919ஆம் ஆண்டுக் கல்கத்தா, பின்னவருடையது சுதந்திரம் வந்த கையோடு பம்பாய். வென்றவரை மட்டும் பார்க்காமல் இறுதிப் பட்டியலையும் பாருங்கள்; அதிகம் அறியப்படாத பெயர்கள் அங்கேதான் கிடக்கும். வன்முறையை விரித்துக் காட்டாத 'கோஸி' வகைக்கு அமெரிக்காவின் அகதா விருது இருக்கிறது. அதில் முதல் நாவலுக்குத் தனிப் பிரிவு உண்டு. தேடலை அங்கிருந்து தொடங்கலாம். நம் பக்கத்துக் களங்கள் வேண்டுமென்றால் 1921ஆம் ஆண்டுப் பம்பாயின் பெண் வழக்கறிஞரை எழுதும் சுஜாதா மாஸி, அதே ஆண்டுப் பெங்களூரை எழுதும் ஹரிணி நாகேந்திரா, 1930களின் சிங்கப்பூரை எழுதும் ஒவிடியா யூ ஆகியோர் இருக்கிறார்கள். 1920களின் மதராஸ் பொலிஸ் அதிகாரியை வைத்து எழுதும் பிரையன் ஸ்டொடார்ட்டைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது.

'எந்தப் பாகத்தையும் தனியாக வாசிக்கலாம்' என்ற பின்னட்டை வாசகத்தை முழுதாக நம்ப வேண்டாம். கோஸி தொடர்களில் அது ஓரளவு சரி. வரலாற்றுத் தொடர்களில் கதையோடு காலமும் நகர்கிறது. இடைக்காலத் துறவி கட்ஃபெல் துப்பறிவதாக எலிஸ் பீற்றர்ஸ் எழுதிய தொடரில் 1979இல் வந்த இரண்டாம் பாகத்தின் சுவையே, ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாமல் இருப்பதுதான். பிந்திய பாகம் எதை முதலில் எடுத்தாலும் அது பாழ். (அவர் பெயரை இங்கே எழுதினால் அந்தக் காரியத்தை இக்கடிதமே செய்துவிடும்.) ஒழுங்கு தெரிய, நூலின் முன்பக்கங்களில் வரும் 'இதே ஆசிரியரின் நூல்கள்' பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், சில பதிப்பகங்கள் புதியதிலிருந்து பழையதாகவும் சில அகரவரிசையிலும் போடுகின்றன. முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். நாயகனின் இளமைக்காலத்தைச் சொல்லப் பின்னாளில் எழுதப்பட்டவையும் உண்டு. அவற்றையும் வெளியான வரிசையிலேயே வாசிக்கலாம்.

மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவோர் முதலில் கடைசித் தாள்களைப் புரட்டுங்கள். பசையால் மட்டும் ஒட்டிய மலிவுப் பதிப்புகளில், பசை காய்ந்ததும் ஓரத்துத் தாள்கள்தான் முதலில் உதிரும். மர்ம நாவலில் கடைசி நாலு பக்கம் இல்லையென்றால் மிச்சம் முந்நூறு பக்கமும் வீண். பதிப்புரிமைப் பக்கத்தில் 'முன்னர் வேறு பெயரில் வெளியானது' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அகதா கிறிஸ்டியின் நாவல்கள் சில பிரித்தானியாவில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் இன்னொரு தலைப்பிலும் வந்தவை. ஒரே கதைக்கு இரண்டு தரம் காசு கொடுப்பீர்கள்.

நூலகத்தில் சிக்கல் வேறு. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பின்படி அமெரிக்க எழுத்தாளரின் புனைகதை 813இலும் பிரித்தானிய, இந்திய ஆங்கில எழுத்தாளரின் புனைகதை 823இலும் போகும். ஆகவே அமெரிக்க எழுத்தாளரான மாஸியின் 1921ஆம் ஆண்டுப் பம்பாய் ஓர் இறாக்கையிலும் இந்தியரான நாகேந்திராவின் 1921ஆம் ஆண்டுப் பெங்களூர் இன்னோர் இறாக்கையிலும் இருக்கலாம். இரண்டையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நூலகர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தொடர் நாவலின் முதுகுச் சீட்டில் தொடரின் பெயரையும் பாக எண்ணையும் எழுதிவிடுங்கள். கொள்வனவுப் பட்டியல் போடும்போது, முதற்பாகம் கையிருப்பில் இல்லாத தொடருக்குப் புதிய பாகத்தை வாங்குமுன் அந்த முதற்பாகத்தை வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு – 06