எருசலேம் பயணத்தில் லாகீசுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்

எருசலேம் புனிதப் பயணங்களை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், குழுக்களோடு செல்லும் போதகர்களுக்கும்,

தோத்திரம். தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் குழுக்களின் பயணத் திட்டங்களைப் பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. பெத்லகேம், கலிலேயாக் கடலில் படகு, யோர்தான், சாக்கடல் எல்லாம் இருக்கும். யூதாவின் பழைய அரணான பட்டணமாகிய லாகீஸ் இருக்காது. இத்தனைக்கும் அது எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான்.

அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான் என்று 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறது. அந்த வசனத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை லாகீசில்தான் பார்க்க முடியும். கி.மு. 701-இல் மேட்டின் மேலிருந்த அந்த நகரத்தின் மதிலை எட்டுவதற்காக, அசீரியப் படை தென்மேற்கு மூலையில் கல்லைக் கொட்டிக் கொட்டி ஒரு சாய்தளம் எழுப்பியது. மதிலை இடிக்கும் பொறிகளை அதன்மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை; மதில் உடைந்தாலும் தடுத்து நிற்க உட்புறம் ஒரு மேடு குவித்தார்கள். இரண்டையும் அகழாய்வில் கண்டிருக்கிறார்கள், அம்புமுனைகளோடும் கவண்கற்களோடும். சாய்தளம் இன்றும் அங்கேயே கிடக்கிறது.

இந்த வெற்றியைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. மாட்டுவண்டியில் மூட்டைகளை ஏற்றி, பெண்களும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகும் காட்சி அதில் இருக்கிறது. அதே சனகெரிப்பிடமிருந்து எருசலேம் தப்பியதை மகிழ்ச்சியோடு பிரசங்கிக்கிறோம், சரி. தப்பாத இந்தக் குடும்பங்களைப் பற்றியும் பேச வேண்டாமா?

எருசலேமிலும் ஒன்று கேட்கிறேன். பழைய நகரத்தைச் சுற்றி இன்று நிற்கும் மதிலை வேதகால மதில் என்று நினைத்தே பலர் ஊர் திரும்புகிறார்கள். அது 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. சனகெரிப் படையெடுத்தபோது யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் காலத்து மதிலின் ஒரு பகுதி, சுமார் 7 மீட்டர் அகலத்தில், யூதர் குடியிருப்பில் தெருமட்டத்துக்குக் கீழே திறந்தே இருக்கிறது. 1970-களில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் குழு தோண்டி எடுத்தது. மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்தார்கள் என்று ஏசாயா 22:10 சொல்கிறதே, அந்த மதிலும் வீடுகள் இருந்த இடத்தின் மேலேதான் போகிறது. அந்த வசனத்தை அங்கே நின்று வாசியுங்கள்.

அப்புறம் எரிகோ. அங்கே தெரியும் வட்டக் கோபுரம் யோசுவா காலத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. விழுந்த மதில்களின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்காமல் சொல்லுங்கள், விசுவாசிகள் தாங்கிக்கொள்வார்கள்.

நினைவுப்பொருள் கடைகளில் போகும் நேரத்தைக் குறைத்தாலே லாகீசுக்கு அரை நாள் கிடைக்கும். மேட்டில் ஏற வேண்டியிருப்பதால் முதியவர்களுக்காகக் காலையிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த பயணத் திட்டம் அச்சுக்குப் போகுமுன் இதை முடிவு செய்யும்படி வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு சபை உறுப்பினர்