அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பெற்றோருக்கும், பெற்றோர் இல்லாத நிலையில் பொறுப்பேற்றிருக்கும் உடன்பிறந்தோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால், ஆண்டு முழுவதும் நம் பேச்சில் இருந்த அரசு நிதி குறித்தே இங்குச் சற்று விரிவாகக் குறிப்பிடுகிறேன்.

பதினெட்டு வயதைக் கடந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகை, ரூ.1,500-லிருந்து ரூ.2,000 ஆக உயர்ந்ததை நன்றியுடன் பதிவு செய்கிறோம். எனினும் இது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.66 மட்டுமே. பகலிலும் இரவிலும் டயாப்பர் தேவைப்படும் பிள்ளைக்கு அதற்கே போதவில்லை என்று தாய்மார்கள் கூறுகின்றனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 24ஆம் பிரிவு, இத்தகைய உதவி பிறருக்கான அதே வகைத் திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டில் ரூ.1,200 ஆக்கப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டால் நம் அரசு அந்த அளவைத் தாண்டியே நிற்கிறது. குறை அளவுகோலில்தான் இருக்கிறது. ஒருவரை நாள் முழுவதும் உடனிருந்து கவனிக்க ஆகும் செலவை அது கணக்கில் கொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வரும் உதவித்தொகை ஒருபுறமும், அரசு நிதியுதவியுடன் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் மறுபுறமும் உள்ளன. காலையில் விட்டு மாலையில் அழைத்துவரத்தக்க பகல்நேர மையம் நம் வட்டத்தில் இல்லை. பிள்ளையைப் பிரிய மனமின்றி, வேலைக்கும் போக முடியாமல் இருக்கும் தாய்மார்களே நம்மில் பலர். எனவே பகல்நேர மையம் கோரும் மனுவை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அளித்தோம். ரசீது மட்டுமே இதுவரை கையில் உள்ளது.

உதவித்தொகை வரும் கணக்கில் பணம் எடுப்பதும் எளிதாக இல்லை. என் மகனுடன் ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றபோது கையொப்பம் கேட்டனர். அவன் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் படிவம் நிறையப் பெரிதாக எழுதிவிட்டு, சிரித்தபடி பேனாவை எழுத்தரிடமே நீட்டினான். பாதுகாவலர் சான்றில்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டனர். பெற்ற தாய்க்கும் சான்றா என்று கேட்கத் தோன்றினாலும், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனம் பெற்று வைப்பதே, நம் காலத்துக்குப் பின் வருவோருக்கும் வழியை எளிதாக்கும். விண்ணப்பம் நிரப்பச் சங்கம் உதவும்.

ரூ.1 லட்சம் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டை மார்ச் 31-க்குள் புதுப்பிக்காத உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டையின் நகலை வாசலருகே உள்ள மேசையில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்